இறங்காமல் போன விமானி

2024 நவம்பர் 30 அன்று எடுத்த அந்த வீடியோ உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடக்கவிருந்த நாள். மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று மழைக்குள் சென்னை மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. தரைக்குச் சற்று மேலே தள்ளாடுகிறது, இடது இறக்கை தாழ்கிறது. சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதே இரைச்சல் கூடி, மறுபடியும் வானத்துக்குப் போய்விடுகிறது. சில வினாடிகள்தான். அதற்குத் திகில் படப் பின்னணி இசை சேர்த்து, ‘மயிரிழையில் உயிர் தப்பினர்’ என்று தலைப்புப் போட்டு, தமிழ்நாடே பார்த்துப் பதறியது.

எனக்குப் பதற்றம் வரவில்லை. மதுரை விமான நிலையத்தில் காற்றை அளப்பதையே வேலையாகச் செய்து ஓய்வு பெற்றவன் நான். அரை மணிக்கு ஒரு முறை காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) வேகத்தில் வீசுகிறது, பார்வைத் தூரம் எவ்வளவு, மேகத்தின் அடி எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவன். அந்த வீடியோவில் நான் பார்த்தது, தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரு விமானியை. இறங்க முடியாது என்று தெரிந்ததும் இறங்கவில்லை. அதில் தப்பிப் பிழைத்த கதை எங்கே இருக்கிறது?

பக்கக் காற்று என்பது என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓடுபாதைக்கு நேர் எதிரே வரும் காற்று விமானிக்கு வரம். அது தரை வேகத்தைக் குறைத்து மெதுவாக இறங்க வைக்கும். பக்கவாட்டில் வரும் காற்று விமானத்தை ஓடுபாதையை விட்டு ஓரமாகத் தள்ளும். அதனால் விமானி மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்துக்கொண்டு, நண்டு நடப்பதுபோல் சாய்வாகவே இறங்கி வருவார். விமானிகள் பேச்சிலும் அதற்கு ‘கிராப்’ என்றே பெயர். சிக்கல் கடைசி இருபது முப்பது அடி உயரத்தில் இருக்கிறது. சக்கரம் தரையைத் தொடும் அந்த நொடியில் மூக்கு ஓடுபாதைக்கு நேராக வந்தாக வேண்டும். காலால் வால் சுக்கானான ரட்டரை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும், கையால் காற்றுப் பக்க இறக்கையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய வேண்டும். சீரான காற்றாக இருந்தால் பழகிய கை செய்துவிடும். 12 நாட்டில் வீசிக்கொண்டிருக்கிற காற்று திடீரென்று 24 நாட்டுக்கு எகிறி, அடுத்த மூச்சில் 8-க்கு விழுந்தால் கணக்கெல்லாம் தப்பும்.

பெரிய விமானத்துக்கே இந்தப் பாடு என்றால் சின்ன விமானத்தை நினைத்துப் பாருங்கள். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172-இன் உச்ச எடை சுமார் 1,100 கிலோ. அது இறங்கும் வேகம் ஏறக்குறைய 65 நாட். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் 140 நாட்டுக்குப் பக்கத்தில் இறங்கும். இரண்டுக்கும் ஒரே 15 நாட் பக்கக் காற்று என்று வைத்துக்கொள்வோம். பெரியது மூக்கை ஆறு டிகிரி திருப்பினால் போதும். சின்னது பதின்மூன்று டிகிரி திருப்ப வேண்டும். அந்தப் பதின்மூன்றையும் கடைசி நொடியில் நேராக்க வேண்டும். நேராக்காமல் தொட்டுவிட்டால் சக்கரம் பக்கவாட்டில் இழுபடும், விமானம் ஒரு குதி குதிக்கும். பயந்துபோய் மூக்கைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதும், புரொப்பல்லர் தரையில் உரசும். அதற்குள் காற்றுப் பக்க இறக்கை கிளம்பினால் மறு இறக்கை மண்ணைக் கீறும். உலகம் முழுவதும் சிறு விமானங்கள் இறங்கும்போது கவிழ்கிற கதை பெரும்பாலும் இதுதான். பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை, உலோகம்தான் நசுங்குகிறது. எல்லா நேரமும் அப்படி அதிர்ஷ்டம் வாய்க்காது.

செஸ்னாவின் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் என்று ஒரு எண் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தயாரித்த நிறுவனத்தின் தேர்ந்த விமானி, சோதனையின்போது இறங்கிக் காட்டிய அளவு அது. நாற்பது மணி நேரம் பறந்த பிள்ளைக்கும் அதே எண் பொருந்தும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

மதுரையில் ஓடுபாதை ஒன்றுதான். கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. 09, 27 என்று இரு முனைக்கும் பெயர். நீளம் சுமார் 7,500 அடி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்துக்காக உருவான தளம் இது. திசையைத் தேர்ந்தவர்கள் காற்றை அறிந்தவர்கள் என்றே நினைக்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பெருங்குடி, வலையங்குளம் பக்கமெல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வீசும். தெருவில் நடக்கிறவர் கண்ணைத் திறக்க முடியாது. ஆடிக் காற்றைப் பற்றி நம்மிடம் அம்மி பறக்கிற பழமொழியே இருக்கிறது. ஆனால் இங்கே விமானிக்கு அந்தக் காற்று பெரும்பாலும் நண்பன். மேற்கே பார்த்து இறங்கினால் நேர் எதிரே வரும். பலமாக இருந்தாலும் முரண்டு பிடிக்காது.

முரண்டு பிடிப்பது சித்திரை, வைகாசி மாலைக் காற்று. காலையிலிருந்து வெயில் காய்ந்து, மூன்று நான்கு மணிக்கு மேல் மேற்கில் கறுத்துக்கொண்டு வரும். இடி மேகம் மழையைக் கொட்டும்போது அதன் வயிற்றிலிருந்து குளிர்ந்த காற்று செங்குத்தாக இறங்கி, தரையில் மோதி நாலா பக்கமும் பாயும். தென்மேற்கிலிருந்து 6 நாட் என்று எழுதிவிட்டு நிமிர்வதற்குள் வடக்கிலிருந்து 25 நாட் அடிக்கும். கம்பத்தில் கட்டிய காற்றுக் கூம்பு ஒரு நிமிடம் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, மறு நிமிடம் எதிர்ப்பக்கம் விறைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அது ‘அப்பாடா, சில்லுனு காத்து வருது’ என்கிற நேரம். கோபுர அறையிலிருந்து எங்களுக்குத் தொலைபேசி விடாமல் அடிக்கும் நேரமும் அதுதான். கிழக்கு மேற்கு ஓடுபாதைக்கு வடகாற்று முழுக்க முழுக்கப் பக்கக் காற்று. ஓடுபாதைக் கோட்டிலிருந்து 30 டிகிரி விலகி வருகிற 20 நாட் காற்றில் பாதிதான், அதாவது 10 நாட்தான், பக்கவாட்டுப் பங்கு. 90 டிகிரியில் வந்தால் இருபதும் பக்கவாட்டில்தான். இரண்டாவது ஓடுபாதை இருக்கிற ஊரில் அதற்கு மாறலாம். நம்மிடம் அந்த வசதி இல்லை. கொஞ்ச நேரம் வட்டமடித்துப் பார்க்கலாம், இல்லையென்றால் திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகலாம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2008 மார்ச் 1 அன்று நடந்ததும் இதே சங்கதி. புயல் காற்றில் இறங்கிய லுஃப்தான்சா ஏ320 விமானத்தின் இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. அந்த நிலையிலும் மேலே கிளப்பிக்கொண்டு போய், காற்றுக்கு வாகாக இருந்த இன்னொரு ஓடுபாதையில் பத்திரமாக இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. 2025 பிப்ரவரி 17-இல் கனடாவின் டொரான்டோவில் வீச்சான பக்கக் காற்றுக்கு நடுவே இறங்கிய விமானம் ஓடுபாதையில் தலைகீழாகக் கவிழ்ந்தது. இருந்த 80 பேரும் பிழைத்தார்கள்.

நம் நாட்டில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காத இரண்டு விபத்துகளை மறக்க முடியாது. 2010 மே 22 மங்களூரு. 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு, 21 பேர். இரண்டும் பக்கக் காற்று விபத்துகள் அல்ல. மங்களூருவில் விமானம் உயரமாகவும் வேகமாகவும் வந்தது, கோழிக்கோட்டில் பின்காற்றும் மழையும். ஆனாலும் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு விசாரணை அறிக்கைகளிலும் ஒரு சங்கதி பொது: பக்கத்து இருக்கையிலிருந்த துணை விமானி ‘கோ-அரவுண்ட்’, அதாவது இறங்காதீர்கள், மேலே போங்கள் என்று சொல்லியிருக்கிறார். தலைமை விமானி இறங்கிவிட்டார். கோழிக்கோடு அறிக்கை இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. மறுநாள் காலை வேறொரு விமானத்தை ஓட்ட வேண்டும், அதற்கு எப்படியாவது இன்றிரவே கோழிக்கோட்டில் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் தலைமை விமானியின் முடிவைப் பாதித்திருக்கிறது என்கிறது. நன்கு தேர்ந்த, அனுபவம் மிகுந்த மனிதர் அவர். அவரையே நாளைய டூட்டி கீழே இழுத்திருக்கிறது.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. ‘ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன்’ என்கிற சர்வதேச அமைப்பு ஆராய்ந்து சொன்ன கணக்கு இது: சரியான வேகத்திலும் உயரத்திலும் அமையாமல், இறங்குவதைக் கைவிட வேண்டிய நிலையில் வருகிற நூறு விமானங்களில் மூன்றுதான் மேலே திரும்பிப் போகின்றன. மீதி 97 இறங்கிவிடுகின்றன. பெரும்பாலும் நல்லபடியாகவே இறங்கிவிடுகின்றன. ஆபத்து இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. ஒழுங்கில்லாமல் வந்தும் பத்து முறை பிழைத்த விமானி, பதினோராவது முறையும் அப்படியே வருவார். பிழைத்தவர்களை மட்டும் எண்ணிக் கற்கிற பாடம் தப்பான பாடம் என்பதை இரண்டாம் உலகப் போரில் குண்டுபட்டுத் திரும்பிய விமானங்களை வைத்துக் கணக்கிட்டுக் காட்டியவர் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் மேதை. இந்தியாவுக்கு விரிவுரை நிகழ்த்த வந்த அவரும் மனைவியும் 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் மோதிய விமானத்தில் இறந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.    

சரி, இறங்கியே தீர வேண்டும் என்கிற அழுத்தம் விமானிக்கு எங்கிருந்து வருகிறது? கம்பெனியிடமிருந்து வரும், எரிபொருள் கணக்கிலிருந்து வரும், தன் மானத்திலிருந்தும் வரும். நம்மிடமிருந்தும் வருகிறது என்பதை நான் வீட்டுக்குள்ளேயே பார்த்தேன். திருப்பரங்குன்றத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா சென்னையிலிருந்து முந்தின நாள் மாலை விமானத்தில் வந்தார். மதுரைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு விமானம் சென்னைக்கே போய்விட்டது. மனிதர் ராத்திரியோடு ராத்திரியாக டாக்ஸி பிடித்து, தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது வந்து சேர்ந்தார். வந்தவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, நேரே என்னிடம் வந்தார்.

“என்ன மாப்ளே, உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எறக்கி விட்டுருப்பாய்ங்கல்ல?”

“காத்து குறுக்க அடிச்சிருக்கு மாமா. எறங்க முடியாதுன்னு பைலட்டுதான முடிவெடுக்கணும்.”

“கீழ ரன்வே தெரியுது மாப்ளே! லைட்டு தெரியுது! கூட வந்தவன் பூராம் கத்துறோம். ஆம்பள பைலட்டா இருந்தா எறக்கிருப்பான்.”

அன்று ஓட்டியவர் ஒரு பெண் என்று அப்புறம்தான் சொன்னார். நான் இலையில் உட்கார வைத்து, அவருக்கு அப்பளம் போடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். கல்யாண வீட்டில் வேறென்ன செய்வது? ஆனால் அந்தப் பேச்சு இன்னும் எனக்கு ஆறவில்லை. பேருந்து ஓட்டுநர் பள்ளத்தைக் கண்டு மெதுவாகப் போனால் பாராட்டுகிற நாம், விமானி காற்றைக் கண்டு திரும்பிப் போனால் தைரியம் இல்லாதவர் என்கிறோம். விமான நிறுவனங்களின் கையேடுகளில் மேலே திரும்பிப் போனதற்காக விமானியைக் குற்றம் சொல்லக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். பயணிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் அப்படி ஒரு கையேடு இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஆகாயத்தில் சிறு விமானங்கள் பெருகுவதுதான். நம் தென் மாவட்டங்களுக்கு மேலே பயிற்சி விமானங்கள் வந்து போவது சகஜமாகிவிட்டது. 2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து வந்த பயிற்சி விமானம் ஒன்று கோளாறு காரணமாகத் திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியது. இருவரும் பிழைத்தார்கள், நம் ஜனம் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தது. கோவில்பட்டி அருகே நாலாட்டின்புத்தூரில் சும்மா கிடக்கும் ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர அரசின் டிட்கோ நிறுவனம் முயல்கிறது. நல்ல முயற்சி. நம் பிள்ளைகள் வடக்கே போய் லட்சங்களைக் கொட்டிக் கற்பதை இங்கேயே கற்கட்டும்.

ஆனால் அது காற்றுச் சீமை. கோவில்பட்டியிலிருந்து நெல்லை சாலையில் கொஞ்ச தூரம் போனால் கயத்தாறு. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்றாலைகளைச் சோதிப்பதற்கென்றே நிலையம் வைத்திருக்கிற ஊர். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆறு மாதம் அடிக்கிற காற்றை நம்பித்தான் அத்தனை ராட்சத விசிறிகளும் நிற்கின்றன. காற்றாலைக்காரருக்குப் பிடித்த இடம், தனியாக முதல்முறை பறக்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பிடித்த இடமாக இருக்காது. அதனால் பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த மாதம், எந்த மணிக்கு, எந்தத் திசையில் எத்தனை நாட் என்ற கணக்கை ஓடுதளத்திலேயே ஓராண்டு அளந்து, மாணவர்களைச் சேர்க்கும் முன் ஊரறிய வெளியிட வேண்டும். கயத்தாற்றில் ஏற்கெனவே அளந்த கணக்கு இருக்கிறது. ஒரு துறையின் கணக்கை இன்னொரு துறை கேட்டு வாங்குவது நம் நாட்டில் மலையைப் புரட்டுகிற வேலை என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

மதுரை ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டுகிற பேச்சும் வெகுகாலமாக நடக்கிறது. அதற்காக நிலம் எடுக்கப்படும் சின்ன உடைப்பு கிராம மக்கள் வீடு வாசலை விட்டுப் போக மாட்டோம் என்று உட்கார்ந்த கதை உங்களுக்குத் தெரியும். அது தனி வழக்கு. நீளம் கூடினால் பெரிய விமானம் வரும், ஈரத்திலும் பின்காற்றிலும் நிற்பதற்கு இடம் கிடைக்கும். குறுக்கே அடிக்கிற காற்றுக்கு 7,500 அடியும் ஒன்றுதான், 12,500 அடியும் ஒன்றுதான். நீட்டிவிட்டால் எல்லாம் பாதுகாப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சிக்கு வருகிறேன். வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஆயிரக்கணக்கில் காசு. அப்பா காட்டை விற்று, நகையை அடகு வைத்து அனுப்பிய பிள்ளை, இறங்க வந்து முடியாமல் மேலே போகும்போது என்ன நினைக்கும்? ‘இன்னொரு சுற்று, இன்னும் பத்து நிமிடக் காசு, சார் திட்டுவார், கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்கள்.’ இந்த நினைப்புதான் பக்கக் காற்றைவிடப் பெரிய காற்று. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 அக்டோபரில் முதல்முறையாக நாட்டின் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போட்டது. ஏ பிளஸ், ஏ என்ற மேல் இரண்டு படிகளிலும் ஒரு பள்ளிகூட ஏறவில்லை. பாதிக்கு மேல் கடைசிப் படியான சி-யில். இப்படிப்பட்ட பள்ளிகளில், இறங்காமல் திரும்பி வந்த மாணவனைத் தட்டிக்கொடுக்கிற ஆசிரியர் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

டிட்கோவுக்கும் இயக்குநரகத்துக்கும் என் வேண்டுகோள் இதுதான். கோவில்பட்டியில் பள்ளி நடத்த வருகிறவரிடம் ஒப்பந்தத்திலேயே மூன்று காரியங்களை எழுதி வாங்குங்கள். பக்கக் காற்று காரணமாக மாணவர் மேலே திரும்பிப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் சுற்றுக்கு அவரிடம் காசு வாங்கக்கூடாது. மதிப்பெண்ணில் அதைக் குறையாகச் சேர்க்காமல் தேர்ச்சியாகச் சேர்க்க வேண்டும். தனியாகப் பறக்கும் மாணவருக்கான காற்று வரம்பைக் கையேட்டின் 15 நாட்டிலிருந்து எடுக்காமல், அந்தத் தளத்தின் அளந்த காற்றை வைத்து அதைவிடக் குறைவாக வகுக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் கையெழுத்துப் போடாதவருக்கு ஓடுதளத்தைக் கொடுக்காதீர்கள்.